முதற் பிரதி வாங்குபவர்

பிக்கரிங்கில் தமிழ்க்கடைக்குச் சாமான் வாங்கப் போறவைக்குத் தெரியும், காசு கட்டுற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு கட்டுத் துண்டுப்பிரசுரம் கிடக்கும். வீடு விக்கிறவர், வரிக்கணக்குப் பார்க்கிறவர், சேலை மலிவு விற்பனை, இவற்றுக்கிடையில் ஒரு நூல் வெளியீட்டு விழா அழைப்பிதழும் செருகிக்கொண்டு இருக்கும். இப்ப முக்கால்வாசி வட்சப்பில்தான் வருகுது எண்டாலும், கடதாசியில் அடிக்கிற பழக்கம் இன்னும் முற்றாக விட்டுப்போகேல்லை. இடம் அனேகமாக எங்களுக்கு மேற்கே ஸ்காபரோவில் ஏதாவதொரு மண்டபம். நேரம் மாலை 5 மணி. (அதாவது 6 மணி :-))

நிகழ்ச்சி நிரலும் உங்களுக்கு மனப்பாடமாய் இருக்கும். மங்கல விளக்கேற்றல், தமிழ்த்தாய் வாழ்த்து, அகவணக்கம், வரவேற்புரை, தலைமையுரை, ஆசியுரை, வாழ்த்துரை (நாலு பேர்), ஆய்வுரை (இரண்டு பேர்), முதற் பிரதி, சிறப்புப் பிரதிகள், ஏற்புரை, நன்றியுரை. நடுவில வடையும் தேத்தண்ணியும். எழுதினவர் கடைசியாய் எழும்பிக் கதைக்கத் தொடங்கேக்கை பாதிச் சனம் கார்த் திறப்பைத் தேடிக்கொண்டிருக்கும்.

இதை நக்கலடிக்காத ஆள் இல்லை. ஒரு புத்தகத்தைப் பற்றிய செய்தியைப் பரப்புவதற்கு இதைவிட மோசமான வழி இருக்கேலாது என்பது கனபேரின் கட்சி. வாற எழுபது பேருக்கும் புத்தகம் வருவது ஏற்கெனவே தெரியும், தெரியாதவை வரமாட்டினம். விளம்பரம் என்று பார்த்தால் அவர்கள் சொல்வது சரி. ஆனால் இந்த விழாவின் பூர்வீகத்தைத் தேடிப்போனால் வேறொரு கணக்கு வருகுது. படிக்க வந்த படிப்புக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பரீட்சைக் காலத்தில்தான் இப்பிடியான வேலைகள் செய்யச் சொல்லி மனம் கேட்கும்.

ஏட்டுக் காலத்தில் ஒரு நூல் வந்த செய்தி அரங்கேற்றத்தால்தான் ஊருக்குத் தெரிந்தது. புலவர் தன்ரை நூலைச் சபையில் பாட்டுப் பாட்டாய் வாசிச்சுப் பொருள் சொல்லவேணும், கேள்வி வந்தால் பதிலும் சொல்லவேணும். கம்பர் திருவரங்கத்தில் பட்ட பாட்டைப் பற்றிய கதைகள் எல்லாருக்கும் தெரியும். 19ம் நூற்றாண்டிலும் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) ஊர் ஊராய்த் தலபுராணம் பாடி அரங்கேற்றினார். அரங்கேற்றம் முடிய ஊர்ப் பெரியவர்கள் சன்மானம் குடுப்பினம். கேள்வி கேட்கிற பகுதியை மட்டும் கழிச்சுவிட்டால் மிச்சம் இன்றைய விழாதான்.

வாழ்த்துரைக்கும் பழைய சட்டம் இருக்கு. நூலாசிரியர் தன்னைத் தானே புகழக்கூடாது என்கிறது நன்னூல். (நாலு சந்தர்ப்பங்களில் புகழலாம் என்று ஒரு விலக்கும் வைத்திருக்கிறார் பவணந்தி முனிவர், நல்ல மனுசன்.) அதனால் புகழுகிற வேலையைச் சிறப்புப்பாயிரம் செய்யும். அதை எழுதத் தகுந்தவர்கள் நாலு பேர்: அவருடைய ஆசிரியர், கூடப்படித்தவர், மாணவர், உரைகாரர். இப்ப கையிலிருக்கிற ஏதாவதொரு அழைப்பிதழை எடுத்துப் பாருங்கோ. படிப்பிச்ச வாத்தியார், பள்ளிக்கூடத் தோழர், ஒரு பழைய மாணவர், ஆய்வுரை செய்ய ஒரு பேராசிரியர். நன்னூல் படிக்காமலே சரியாய்த்தான் ஆள் பிடிக்கினம்!

அச்சு வந்தவுடன் காசுப் பிரச்சினை வந்தது. ஏட்டை ஒருத்தர் இருந்து எழுதலாம். அச்சுக்குக் கடதாசி, எழுத்துக் கோக்கிறவர், கட்டுறவர் என்று முதலே கையைவிட்டுப் போடவேணும். கொம்பனி ஆட்சியில் உள்ளூராக்கள் அச்சகம் நடத்துவதற்கு இருந்த கட்டுப்பாடுகள் 1835ல்தான் எடுபட்டன. ஆறுமுக நாவலர் 1849ல் சென்னைக்குப் போய் அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையில் வித்தியாநுபாலன யந்திரசாலையை நிறுவினார். அவருக்குப் பள்ளிக்கூடமும் இருந்தது, படிக்கப் பிள்ளைகளும் இருந்தினம். அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் என்ன செய்தார்கள் என்பதில்தான் எங்கட கதை இருக்கு.

அவர்கள் கையொப்பம் வாங்கினார்கள்.

கும்பகோணம் கல்லூரியில் தமிழ் படிப்பித்த உ.வே.சாமிநாதையர் சீவகசிந்தாமணியை 1887ல் பதிப்பித்து முடித்தார். அச்சு வேலை சென்னையில், சம்பள வேலை கும்பகோணத்தில். சம்பளக் காசில் அவ்வளவு பெரிய புத்தகம் அடிக்கேலாது. ஆகவே புத்தகம் வரப்போகுது, வந்தால் ஒரு பிரதி வாங்கிக்கொள்ளுவன் என்று ஒவ்வொருத்தரிடமும் கையொப்பம் வாங்குவது. சிலர் முன்கூட்டியே காசு குடுப்பினம், சிலர் புத்தகம் கைக்கு வந்த பிறகு. அலைச்சல், கடன், கடுதாசிப் போக்குவரத்து எல்லாத்தையும் 'என் சரித்திரம்' விரிவாகச் சொல்லுது. (1940ல் இருந்து ஆனந்த விகடனில் தொடராய் வந்தது. வாசிக்காதவர்கள் தயவுசெய்து வாசியுங்கோ, நாவலைவிட விறுவிறுப்பு.) இன்னார் இன்னார் கையொப்பமிட்டிருக்கினம் என்ற பட்டியல்தான் அடுத்தவரை மடக்குகிற தூண்டில். புத்தகத்துக்கு விளம்பரமும் அதுதான், முதலும் அதுதான்.

இது தமிழாக்கள் கண்டுபிடிச்ச வித்தை இல்லை. இங்கிலாந்தில் அலெக்சாண்டர் போப் இலியட் காவியத்தை மொழிபெயர்த்து 1715க்கும் 1720க்கும் இடையில் ஆறு தொகுதியாய் வெளியிட்டது இதே முறையில்தான். முன்பணம் கட்டின பிரபுக்களின் பேரெல்லாம் புத்தகத்துக்குள் அச்சாகியிருந்தது. அமெரிக்காவில் மார்க் ட்வைனின் புத்தகங்களை முகவர்கள் வீடு வீடாய்ப் போய் ஓடர் எடுத்து வித்தார்கள். அங்கையெல்லாம் பிறகு பெரிய பதிப்பகங்களும் புத்தகக்கடைகளும் வந்து அந்த இடத்தை எடுத்துக்கொண்டன. எங்களுக்கு அந்த 'பிறகு' முழுசாய் வரவே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

சிந்தாமணி வந்த அதே 1887ல் கலித்தொகையை அச்சில் கொண்டுவந்தவர் எங்கட சிறுப்பிட்டியார், சி.வை.தாமோதரம்பிள்ளை. அதுக்கு முதல் வீரசோழியம் (1881), தொல்காப்பியப் பொருளதிகாரம் (1885). பட்டம் பெற்று, உத்தியோகம் பார்த்து, பிறகு புதுக்கோட்டையில் நீதிபதியாயும் இருந்த மனுசன். உழைத்ததில் பெரும்பங்கைச் செல்லரித்த ஏட்டிலும் அச்சிலும் போட்டார். தமிழ் படிச்ச சனத்திடம் ஆதரவு கேட்டு அவர் தன் பதிப்புரைகளில் எழுதியிருப்பதை வாசிச்சால், போன கிழமை ஸ்காபரோவில் கேட்ட ஏற்புரை மாதிரியே இருக்கும். சங்கடமாயும் இருக்கும்.

கையொப்ப வழியை விட்டு வேறுமாதிரி யோசித்தவர் பாரதியார். 1920ல், கடையத்தில் இருந்தபோது, தன்ரை எழுத்தெல்லாவற்றையும் 40 புத்தகமாய்ப் போடுறது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி என்று திட்டம் போட்டுச் சுற்றறிக்கை அனுப்பினார். அச்சிடும் செலவுக்கு நண்பர்களிடம் கடன்தான் கேட்டார், நன்கொடை இல்லை. மண்ணெண்ணெய், தீப்பெட்டி எப்படி வீட்டுக்கு வீடு போகுதோ, அதைவிட வேகமாய்த் தன் புத்தகங்கள் போகும் என்று நம்பினார். அதாவது பேர் தெரிஞ்ச நூறு பேரை நம்பாமல் பேர் தெரியாத லட்சம் பேரை நம்பினது. காசு சேரேல்லை. 1921 செப்டம்பரில் ஆளும் போய்விட்டார். பாரதி கணக்குப் பிழை விட்டார் என்று நான் சொல்லமாட்டன். அந்த லட்சம் பேர் பிறகு உண்மையிலேயே வந்தார்கள், அவர் இல்லாத காலத்தில்.

இனி ஈழத்துக்கு வருவம்.

உதயதாரகை 1841ல் தொடங்கின பத்திரிகை. கண்டியில் இருந்த சித்திலெப்பை 'முஸ்லிம் நேசன்' பத்திரிகையை 1882ல் தொடங்கி, 1885ல் அசன்பேயுடைய சரித்திரத்தை வெளியிட்டார். ஈழத்தின் முதல் தமிழ் நாவல் என்று பலர் சொல்லுவது இதைத்தான். பத்திரிகைக்காரரே நூலாசிரியராய் இருந்தால் செய்திக்குப் பஞ்சம் இல்லை. மற்ற ஆக்களுக்கு?

மற்ற ஆக்களுக்கு ஈழகேசரி வந்தது. நா.பொன்னையா 1930ல் தொடங்கி, அவருக்குப் பிறகும் 1958 வரைக்கும் வந்த பத்திரிகை. அதில் 'ஈழத்துப் பேனா மன்னர்கள்' என்று ஒரு தொடர். எழுதினவர் பேர் கரவைக்கவி கந்தப்பனார் என்று போட்டிருக்கும். உண்மையில் குரும்பசிட்டி கனக செந்திநாதன், தொழிலால் வாத்தியார். இந்தியப் பத்திரிகைகளில் வாற எழுத்தாளர்கள்தான் எழுத்தாளர்கள் என்று யாழ்ப்பாணமே நினைச்சுக்கொண்டிருந்த காலத்தில், பக்கத்து ஊரிலும் ஒருத்தர் எழுதுறார், இதுதான் அவருடைய எழுத்து என்று கிழமைப் பத்திரிகையில் சொன்னது சின்ன வேலை இல்லை. அவரை 'நடமாடும் நூல்நிலையம்' என்று சொல்லுவினம். பட்டத்தை விளக்கத் தேவையில்லை.

பிறகு மல்லிகை. எனக்கு இதில் கொஞ்சம் பட்சபாதம் உண்டு, இப்பவே சொல்லிவைக்கிறன். டொமினிக் ஜீவா (1927–2021) முடிதிருத்தும் கடையில் வேலை செய்துகொண்டே எழுத்தாளரானவர். 1966 ஆகஸ்டில் மல்லிகையைத் தொடங்கினார். தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்ட பிறகு கொழும்பிலிருந்து தொடர்ந்தார். 2012 வரைக்கும் ஏறத்தாழ நானூறு இதழ். கையில் கட்டிக்கொண்டு தெருத் தெருவாய்ப் போய் வித்த இதழ் அது. ஆனால் நான் சொல்ல வாறது அட்டையைப் பற்றி. தமிழ்நாட்டு வாரப் பத்திரிகைகளின் அட்டையில் நடிகைகள் சிரித்துக்கொண்டிருந்த காலம். ஜீவா தன் அட்டையில் போட்டது ஈழத்து எழுத்தாளர்களின், கலைஞர்களின் முகங்களை. உள்ளே அவரைப் பற்றி ஒரு கட்டுரை. மாதாமாதம் இப்படி. அந்தக் கட்டுரைகளைத் திரட்டி 'அட்டைப்பட ஓவியங்கள்' என்று 1986ல் புத்தகமாயும் வந்தது. ஊரில் பஸ்ஸுக்கு நிக்கிற ஒரு வாத்தியாரின் முகம் ஒரு இலக்கிய இதழின் அட்டையில் வந்தால், அந்த ஊர் அவரைப் பார்க்கிற விதம் மாறும். காசில்லாத பதிப்புலகத்தில் ஜீவா கண்டுபிடிச்ச விளம்பரம் இது. இதுக்கு நிகராய் ஒன்றை இண்டைக்கும் காணேல்லை.

எழுபதுகளில் இந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது உள்ளூர் எழுத்துக்குச் சந்தை திறந்தது. வீரகேசரி நாவல்களைப் பிரசுரிக்கத் தொடங்கினது. பாலமனோகரனின் 'நிலக்கிளி' 1973ல் அப்படி வந்ததுதான். நாளேடும் பதிப்பகமும் ஒரே வீடு என்றபடியால் புத்தகச் செய்தி பேப்பரோடு சேர்ந்து மலைநாடு வரைக்கும் போனது. விழா வைக்காமல், முதற் பிரதிக்கு முதலாளி பிடிக்காமல் ஈழத்தில் புத்தகம் வித்த காலம் என்றால் என்ரை கணக்கில் அந்தச் சில வருசங்கள்தான். 1977க்குப் பிறகு கதவுகள் மறுபடி திறக்க, அதுவும் மெல்ல மெல்ல அடங்கிப்போனது.

1981 ஜூன் முதலாம் திகதிக்கு முந்தின இரவு யாழ் பொதுநூலகம் எரிக்கப்பட்டது. 97,000 புத்தகங்கள் என்பது எல்லாரும் சொல்லுற எண்ணிக்கை. அதே நாட்களில் ஈழநாடு பத்திரிகை அலுவலகமும் எரிந்தது. இதை ஏன் இந்தப் பதிவில் கொண்டுவந்தனான் என்றால், புத்தகச் செய்திக்கு இன்னொரு வேலை இருக்கு என்பது அதுக்குப் பிறகுதான் விளங்குது. புத்தகம் போய்விட்டால் செய்திதான் மிச்சம். பழைய சஞ்சிகைகளின் பின்பக்கத்தில் 'வரப்பெற்றோம்' என்று சின்ன எழுத்தில் ஒரு பட்டியல் இருக்கும். நூலின் பேர், ஆசிரியர், விலை, கிடைக்குமிடம். வாசிக்கிறவை தாண்டிப்போற பக்கம் அது. ஆனால் 300 பிரதி அடிச்சு, விழாவில் 100 குடுத்து, மிச்சம் வீட்டோடு எரிந்துபோன ஒரு கவிதைத் தொகுதி உலகத்தில் இருந்ததுக்குச் சில நேரம் அந்த இரண்டு வரிதான் சாட்சி.

இந்தச் சாட்சிகளைப் பொறுக்கிச் சேர்க்கிறதையே வேலையாய் எடுத்த ஆக்களும் இருக்கினம். நூலகரான என்.செல்வராஜா லண்டனில் இருந்துகொண்டு 'நூல்தேட்டம்' முதல் தொகுதியை 2002ல் கொண்டுவந்தார். ஒரு தொகுதிக்கு 1000 நூல், ஒவ்வொன்றுக்கும் சின்னக் குறிப்பு. தொகுதிகள் தொடர்ந்து வந்தன. 2005ல் நூலகம் இணையத் திட்டம் தொடங்கினது, அது உங்கள் எல்லாருக்கும் தெரியும். இ.பத்மநாப ஐயரைப் பற்றியும் சொல்லவேணும். ஈழத்துப் புத்தகங்களைத் தமிழ்நாட்டுக்குக் காவிக்கொண்டு போய் அங்கத்தைய எழுத்தாளர்களின் கையில் குடுத்தவர். பிறகு லண்டனில் இருந்து 'யுகம் மாறும்', 'கண்ணில் தெரியுது வானம்' என்று தொகுப்புகள் போட்டார். 2004ம் ஆண்டுக்கான இயல் விருதைக் கனடா இலக்கியத் தோட்டம் அவருக்குக் குடுத்தது. சொந்தமாய் எழுதிக் குவிக்காத, மற்றவர்களின் புத்தகத்தைக் காவின ஒருத்தருக்குக் கிடைச்ச பரிசு என்பதால் எனக்கு அது விசேசமாய்ப் படுது.

ரொறன்ரோவுக்கு வந்தால் காலம் 1990ல் இருந்து, இலக்கியத் தோட்டம் 2001ல் இருந்து. தேடகம் வைத்திருந்த நூலகம் 1994ல் இந்த நகரத்திலேயே எரிக்கப்பட்டது என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. இதே 1994ல்தான் ஷியாம் செல்வதுரையின் 'ஃபன்னி போய்' ஆங்கிலத்தில் வந்தது. ஆங்கிலப் புத்தகங்களின் பாதை வேறு. பதிப்பகம் காசு போடும், பத்திரிகைக்கு முன்கூட்டியே பிரதி போகும், வானொலி கூப்பிடும். சிபிசி வானொலியில் 2002ல் 'கனடா ரீட்ஸ்' தொடங்கினபோது முதல் வருசமே வென்றது மைக்கல் ஒண்டாச்சியின் நாவல். 2018ல் ஷாரன் பாலாவின் 'த போட் பீப்பிள்', எங்கட ஆக்கள் கப்பலில் வந்த கதை, அந்த மேடையில் விவாதிக்கப்பட்டது. நாடு முழுக்கக் கேட்டது. அதே கப்பல் கதையை ஒருத்தர் தமிழில் எழுதினால் அவருக்கு மண்டபமும் வடையும்தான். (ஆனால் ஆங்கிலப் புத்தகத்தின் பின்னட்டையைத் திருப்பிப் பாருங்கோ. நாலு எழுத்தாளர் நாலு வரி புகழ்ந்திருப்பினம். சிறப்புப்பாயிரம் அங்கையும் சாகேல்லை!)

இப்ப முதற் பிரதிக்கு வருவம். மேடைக்கு ஒரு வர்த்தகப் பிரமுகரைக் கூப்பிடுவினம். அவர் ஒரு கடித உறையை நீட்டிப் புத்தகத்தை வாங்குவார், படம் எடுப்பினம். பிறகு வரிசையாய்ச் சிறப்புப் பிரதி. ஒவ்வொருத்தராய்ப் பேர் சொல்லிக் கூப்பிடுறதைப் பார்த்து 'இதென்ன மொய் எழுதுற மாதிரி' என்று முணுமுணுக்கிறவை உண்டு. மொய் மாதிரித்தான். 1887ல் உ.வே.சா. பையில் வைத்திருந்த கையொப்பப் பட்டியலைச் சத்தமாய் வாசிச்சால் இப்படித்தான் கேட்கும். ஒரே வித்தியாசம், அப்ப கையொப்பம் முதல், அச்சு பிறகு. இப்ப எழுதினவர் கடனட்டையில் சென்னையிலோ கொழும்பிலோ அச்சடிப்பிச்சு இங்கை இறக்கிப்போட்டு, பிறகு உறையை எதிர்பார்க்கிறார். ஆபத்து முழுக்க எழுதினவர் தலையில். இது முன்னேற்றமா பின்னேற்றமா என்று கணக்குப் படிச்சவர்கள் சொல்லவேணும்.

விழாவில் எனக்குப் பிடிக்காத விசயமும் இருக்கு. உறை நீட்டினவரும் ஊராக்களும் முன்வரிசையில் இருக்கேக்கை ஆய்வுரை ஆய்வாய் இருக்கேலாது. மூன்றாம் அத்தியாயம் சொதப்பல் என்று யார் சொல்லுவினம்? அரங்கேற்றத்தில் இருந்த கேள்வியைக் கழிச்சதன் விலை அது. அதைவிட, விழா முடிந்த அடுத்த நாள் புத்தகம் கட்டிலுக்குக் கீழ போய்விடும். செலவில் ஒரு பங்கு திரும்பி வந்திருக்கும், செய்தி எங்கையும் போயிருக்காது.

அழைப்பிதழ்கள் கொஞ்சம் சேர்த்து வைத்திருக்கிறன். சிலவற்றில் ஒரு வேடிக்கை கண்டனான். கிழமை இருக்கு, திகதி இருக்கு, மாசம் இருக்கு, நேரம் இருக்கு, வாகனம் எங்க நிப்பாட்டலாம் என்றுகூட இருக்கு. ஆண்டு இல்லை. அடுத்த கிழமை வாறவைக்கு அடிச்ச கடதாசியில் ஆண்டு எதுக்கு என்று விட்டிருப்பினம். மாசமும் திகதியும் எந்த வருசத்தில் அந்தக் கிழமையில் விழும் என்று பழைய நாட்காட்டிகளைப் பார்த்து, இரண்டுக்கு ஆண்டு கண்டுபிடிச்சிட்டன். மூன்றாவது அழைப்பிதழ் 1996 ஆகவும் இருக்கலாம், 2002 ஆகவும் இருக்கலாம். ஸ்காபரோவில் நடந்த ஒரு சிறுகதைத் தொகுதி வெளியீடு, மே மாசம், ஞாயிற்றுக்கிழமை, 19ம் திகதி. போனவை யாராவது இதை வாசிச்சால் வருசத்தை மட்டும் சொல்லுங்கோ.